வராதவருக்கு வைத்த தட்டு

இத்தாலியில், பலெர்மோவில் அந்த வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனபோது எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, போலிஷ் சுத்தமாகத் தெரியாது, சமையலும் ஏறக்குறைய அப்படித்தான். வேலை கேட்ட அன்று மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தேன். சிஞ்ஞோரே, அதாவது வீட்டு ஐயா, இங்கிலாந்துக்காரர், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி, சிஞ்ஞோரா, போலந்துக்காரர். பிள்ளைகள் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது இத்தாலியன் மட்டும்தான். அதை ஆளுக்கொரு பக்கத்தால் உடைத்துப் பேசினோம். அவர்கள் சொன்னதை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். என் நினைவில் அவர்கள் இரண்டு பேரும் நல்ல யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள்.

சிஞ்ஞோராவின் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இருந்தது, ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லிக்கொடுத்த ஒரு செத்துப்போன ஆளும் இருந்தார். பீட்ரூட்டைப் புளிக்க வைத்து ரசம் வைப்பார். காய்ந்த காளான் அவருடைய ஊர்க் காட்டிலிருந்துதான் வரவேண்டும், தங்கை தபாலில் அனுப்புவார். உருளைக்கிழங்கு வைத்துக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று அவிப்பார். அதன் ஓரத்தை நான் மடித்தால், "என்ன இது, பிசாசின்ர காது மாதிரி?" என்று பிரித்து மறுபடி மடிப்பார். கிண்டி முடித்ததும் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாடு தயார்.

சிஞ்ஞோரே வேறு ஜாதி. எதைச் சாப்பிட்டாலும் ஒரே குரலில், "நல்லாயிருக்கு" என்பார். ஒருநாள் சூப்பில் உப்புக்குப் பதிலாக நான் சீனியைக் கொட்டிவிட்டேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். யுத்த காலத்தில், சாமான்கள் அளந்து கொடுத்த நாட்களில் வளர்ந்தவர். தட்டில் விழுந்தது மிஞ்சக்கூடாது. அதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் இல்லை. தன் நாட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், வீட்டுக்குள் ஒழுக்கு இருப்பதைப் பார்த்துவிட்டோம் என்பது மாதிரி வெட்கப்படுவார்.

"இவரோட சாப்பிடுறது குப்பை லொறிக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரி," என்று சிஞ்ஞோரா எனக்குச் சொல்வார். "போட்டதெல்லாம் உள்ளுக்கை போகும். ஒரு சந்தோசம், ஒரு கோபம், ஒண்டும் வெளியில வராது."

"லொறி சத்தம் போடும்," என்பார் அவர். "நான் போடுறதில்லை."

அந்தக் கோடையின் முடிவில் சிஞ்ஞோரா செத்துப்போனார். கடலோர மயானத்தில் அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு சிஞ்ஞோரே சாப்பாட்டை விட்டுவிட்டார். விட்ட விதமும் அவருடைய விதம்தான். மேசைக்கு நேரத்துக்கு வருவார், துணியை மடியில் விரிப்பார். நான் கரண்டியோடு கிட்டப் போகும்போது உள்ளங்கையால் தட்டை மூடிக்கொள்வார்.

"எனக்குப் போடாதையும். போட்டால் முடிக்கவேணும்."

தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். காற்சட்டைக்குப் பெல்ட்டில் புதிய ஓட்டை போட்டுக் கொடுத்தேன், பிறகு இன்னொன்று. டாக்டர் வந்து பார்த்துவிட்டு இங்கிலாந்தில் இருக்கும் பெறாமகனோடு, சிஞ்ஞோரேயின் தம்பி மகனோடு, பேசினார். புதுவருடத்துக்குப் பிறகு அந்தப் பெறாமகன் வருவதாகவும், ஆள் தேறியிருக்காவிட்டால் அங்கே ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாகவும் முடிவாயிற்று.

"அவ இஞ்சை இருக்கிறா," என்றார் சிஞ்ஞோரே. "நான் எங்கை போறது?"

மயானத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் சொல்லும்போது அவர் பார்த்தது நடையை. அந்த வீட்டின் நடை நீளமானது, எப்போதும் சன்னல் சாத்தியிருக்கும், பகலிலும் விளக்குப் போடவேண்டும். அன்றிலிருந்து அதில் போகும்போது நான் செருமிக்கொண்டு போகத் தொடங்கினேன். யாரும் எதிரே வந்தால் இடித்துக்கொள்ளக்கூடாதே.

நவம்பரில் பலெர்மோப் பிள்ளைகளுக்குச் மோர்த்தி என்கிற செத்த ஆட்கள் இரவோடு வந்து விளையாட்டுச் சாமானும் சீனிப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவது வழக்கம். போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு என் மகள் கேட்டாள்: "அப்பா, எங்கட மோர்த்திக்கு இந்த வீட்டு அட்ரஸ் தெரியுமோ?"

"அவையளும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில வரிசையில நிண்டு வதிவிடப் பெர்மெஸ்ஸோ எடுக்கவேணும் பிள்ளை," என்றாள் என் மனைவி. "கொப்பர் தன்ரையையே இன்னும் புதுப்பிக்கேல்லை."

நான் சிரித்தேன். ஆனாலும் அன்று படுக்கும்போது கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

கிறிஸ்மஸுக்குச் சில நாள் முன்பு, பல்லரோச் சந்தையில் பீட்ரூட் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறக்கிறேன், உள்ளே சிஞ்ஞோரா நிற்கிறார். அதே முகம், அதே நரை, இடுப்பில் அதே ஏப்ரன். பீட்ரூட் எல்லாம் படியால் உருண்டு இரண்டாம் மாடிக்குப் போய்விட்டது. உயிர் தப்ப ஓடவேண்டிய நான் அதன் பின்னால் ஓடினேன்.

"நான் தங்கச்சி," என்றார் அவர் மேலிருந்து. "பயப்பிடாதையும். எல்லாரும் இப்பிடித்தான் ஓடுகினம்."

அத்தானைச் சாப்பிட வைக்கவென்று போலந்திலிருந்து பஸ்ஸிலேயே வந்திருந்தார். பெட்டி நிறையக் காளானும் கசகசாவும், வாயில் அக்காவிடம் பழகிய கொஞ்ச இத்தாலியனும். அவர் குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு. சிஞ்ஞோரே தன் அறையிலிருந்து எழும்பி நடை வரைக்கும் வந்து நின்றார். பிறகு திரும்பிப் போனார்.

அன்றைக்கே தங்கை சாமான் அறையில் ஒரு மூட்டையைக் கண்டார். வெள்ளைத் துணியில் தலை அளவில் கட்டி, கொழுக்கியில் தொங்கவிட்டிருந்தது. இங்கிலீஷ்காரர் கிறிஸ்மஸ் புடிங்கை மாதக்கணக்காக முன்பே அவித்துத் தொங்கவிடுவார்கள். சிஞ்ஞோரா அதைத் திட்டித் திட்டியே வருடாவருடம் அவருக்காகச் செய்வார். இது சாகிறதற்கு முன் செய்தது.

"அவ செத்துப்போனா," என்றார் தங்கை, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு. "அவவின்ர சமையல் இன்னும் தொங்குது. எறிய வேணும்."

"இருபத்தஞ்சாம் திகதிக்கு வச்சிருக்கு," என்றார் சிஞ்ஞோரே. "நல்ல சாப்பாட்டை எறியிறதோ?"

"செத்த ஆக்களுக்கு நாங்கள்தான் சாப்பாடு குடுக்கவேணும் அத்தான். அவை எங்களுக்குத் தாறதில்லை."

"என்ர அம்மா செய்த புடிங்கை அவ செத்த அடுத்த வருசம் சாப்பிட்டனாங்கள். நல்லாயிருந்தது."

மூட்டையை இறக்கக் கொண்டுவந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு இரண்டு பேரும் சொல்வது சரியாகவே பட்டது, இரண்டும் ஒரே அளவுக்குப் பயமாகவும் இருந்தது. போலந்துக்காரர் செத்தவருக்குக் கொடுக்கிறார்கள், அவரிடம் வாங்கமாட்டார்கள். இங்கிலீஷ்காரர் செத்தவர் சமைத்ததையும் மிச்சம் விடாமல் சாப்பிடுகிறார்கள். நாங்களோ செத்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, வந்துவிடுவாரோ என்று பயந்து கதவைச் சாத்துகிறோம்.

இருபத்து நான்காம் திகதி பின்னேரம் மேசை தயாராயிற்று. மச்சம் மாமிசத்தில் மீன் மட்டும்தான், மற்றதெல்லாம் மரக்கறி. ரசம், கொழுக்கட்டை, புளிக்க வைத்த கோவா இலை, கசகசா போட்ட இனிப்பு. சாப்பாட்டறையில் மின்விளக்கை அணைத்து ஒரு மெழுகுதிரி ஏற்றினார் தங்கை. பிறகு சிஞ்ஞோரா வழக்கமாக இருக்கும் கதிரைக்கு முன்னால் ஒரு வெறும் தட்டை வைத்தார்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"ஆரும் வந்தால்."

வானத்தில் முதல் வெள்ளி தெரிந்த பிறகுதான் சாப்பிடலாமாம். அதைப் பார்க்கத் தங்கை குசினிப் பல்கனிக்குப் போனார். சிஞ்ஞோரே தன் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். சாப்பாட்டறையில் நானும் தட்டும் மட்டும்.

வெறும் தட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. செத்தவருக்கு இடம் போட்டுவிட்டு ஒன்றும் படைக்காமல் விடுவதை எங்கள் ஆட்கள் யாரும் செய்யமாட்டார்கள். இலையை வைத்துவிட்டுப் பட்டினி போடுவதா? இந்தப் பெண் அவசரத்தில் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து முறையாகப் பரிமாறினேன். தண்ணீர் வைத்தேன். பின்பக்கமாக நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

பல்கனியில் காற்று தெற்கிலிருந்து வந்தது, வெக்கையாக, தூசியோடு. வானம் சாம்பல் போட்டு மூடியிருந்தது. வெள்ளி தெரிகிற நாள் இல்லை அது. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது உள்ளே கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது.

தங்கை என் கையைப் பிடித்தார். "சாப்பாட்டறையோ?"

"ஓம்."

"அங்கை ஒருத்தரும் இல்லை. தட்டும் வெறும் தட்டு."

"நான் போட்டனான்," என்றேன்.

"என்ன போட்டனீர்?"

"சாப்பாடு. அந்தத் தட்டில. எல்லாத்திலயும் கொஞ்சம்."

மெல்ல என் கையை விட்டார். "அது நிரப்பிறதில்லை! ஆள் வந்தால்தான் பரிமாறுறது. முன்னமே போட்டால் அது கூப்பிடுற மாதிரி."

"எங்கட பக்கத்தில கூப்பிடத்தான் போடுறது."

மறுபடி கரண்டிச் சத்தம். நிதானமாக, அவசரமில்லாமல். நடையில் விளக்கைப் போடும் ஆளி என் கைக்கு அகப்படவில்லை. சுவரைத் தடவித் தடவிப் போனோம். தங்கை என்னை முன்னால் போகச் சொன்னார், நான் மரியாதைக்கு அவரையே முன்னால் விட்டேன். கதவடியில் மெழுகுதிரி வெளிச்சம் ஆடியது. படைத்த அறையைத் திறக்குமுன் தட்டுவது எங்கள் பழக்கம். பழக்கத்தில் கை தானாகத் தட்டிவிட்டது.

"வாரும்," என்றது உள்ளே ஒரு குரல்.

என் வாழ்க்கையில் படைத்த இடத்திலிருந்து பதில் வந்தது அந்த ஒருமுறைதான். தங்கை தன் மொழியில் ஏதோ மந்திரம் மாதிரிச் சொன்னார். நான் முருகனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கதவைத் தள்ளினோம்.

சிஞ்ஞோராவின் கதிரையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் போட்ட சிஞ்ஞோரே இருந்தார். துணி மடியில் விரித்திருந்தது. தட்டில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"ஆரோ இதில போட்டிருக்கினம்," என்றார் திரும்பாமல். "அவ சாப்பிடேல்லை. வீணாப் போகப் பாத்துது."

தங்கை வாயைத் திறந்தார். வெள்ளி இன்னும் தெரியவில்லை என்று சொல்ல வந்திருப்பார் போல. அதற்குப் பதிலாகக் கிண்ணத்தை எடுத்து இன்னும் ரசம் ஊற்றினார். நான் சிஞ்ஞோரேயின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது மேசையில் இருந்தபடி இருந்தது, தட்டை மூட வரவில்லை.

"உப்புக் கொஞ்சம் குறைவு," என்றார் சிஞ்ஞோரே.

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் உப்பு எடுக்கவென்று குசினிக்கு ஓடிப்போய், உப்பை மறந்து, அங்கேயே நின்றேன்.

அடுத்த நாள் சிஞ்ஞோரே புடிங்கையும் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். உள்ளே மாட்டுக்கொழுப்பு இருக்கிறதாம். இல்லாவிட்டால் செத்தவரின் கைச்சமையலை வேண்டாமென்று சொல்ல எனக்கு ஒரு சாட்டு கிடைத்திருக்காது.

புதுவருடத்துக்குப் பிறகு பெறாமகன் வந்தார், ஒரு கிழமை இருந்து பெரியப்பா சாப்பிடுவதைப் பார்த்தார், தனியாகவே திரும்பிப் போனார். சிஞ்ஞோரே பலெர்மோவிலேயே இருந்தார். ஆனால் சிஞ்ஞோராவின் கதிரையில் தவிர வேறெங்கும் சாப்பிட இருக்கவில்லை. அவருக்கு அந்தத் தட்டில்தான் பரிமாறவேண்டும். எதிரே, தன்னுடைய பழைய இடத்தில், ஒரு வெறும் தட்டை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும் வைத்தேன். இந்த முறை அதை நிரப்ப நான் துணியவில்லை. செத்தவருக்கு என்ன செய்யவேண்டுமென்று எனக்குத் தெரியும். உயிரோடு எதிரே இருந்து சாப்பிடும் ஒருவருக்கு வைத்த வெறும் தட்டைத் தினமும் கழுவி வைக்கும்போது, எந்தப் பக்கம் பார்த்து நிற்பதென்றுதான் கடைசிவரை தெரியவில்லை.