பூனைகள் உள்ள வீட்டில் அக்காவின் கேமரா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பெரும்பாலோரை அக்கா ஒரு முறையாவது தோளைப் பிடித்து நகர்த்தியிருப்பார். "அங்க நிக்காதீங்க, மூஞ்சில நிழல் விழுது. இப்படி வெளிச்சத்துக்கு வாங்க." மாப்பிள்ளையானாலும் சரி, பங்குத்தந்தையானாலும் சரி, அக்கா காட்டிய இடத்தில்தான் நிற்க வேண்டும். அப்படி நின்றவர்கள்தான் இன்று அவருடைய முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கிறீர்கள்.

நான் அவருடைய தங்கை. கடைசி ஒன்பது ஆண்டுகளை அக்கா பெசன்ட் நகரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் வீட்டில் கழித்தார். நினைவு மலர் என்றால் நற்குணங்களை எழுத வேண்டும் என்று எங்கள் பங்கின் அன்பியக் குழுவில் சொன்னார்கள். அக்காவிடம் நற்குணம் நிறைய உண்டு. கோபமும் குறைவில்லை. இரண்டையும் எழுதினால்தான் அவரைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள்.

அக்கா பிறந்தது சாந்தோமில். அப்பா ஒரு பள்ளியில் எழுத்தர். அம்மா இறந்தபோது அக்காவுக்கு வயது பதினேழு, எனக்கு ஒன்பது. அன்றிலிருந்து எனக்குத் தலை பின்னிவிட்டது, சாப்பாடு கட்டிக் கொடுத்தது, கோயிலில் புதுநன்மை வாங்கும் நாளுக்கு வெள்ளை கவுன் தைத்துப் போட்டது எல்லாம் அவர்தான். அதற்கு நடுவில் கல்லூரியையும் முடித்து, ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை ஆனார். என்னைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து வைத்தார். அவர் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் என்னைக் கை காட்டி, "இவ ஒருத்திய வளர்த்ததே போதும் போதும்னு ஆயிடுச்சு" என்பார்.

பள்ளியின் கேமரா பல வருடங்கள் அவர் பொறுப்பில் இருந்தது. அது இருந்த பீரோவின் சாவி அவர் கைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. தலைமையாசிரியை கேட்டாலும், "கை கழுவிட்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாராம். ஓய்வு பெற்ற மறுவாரமே சொந்தமாக ஒரு கேமராவும் இரண்டு லென்ஸும் வாங்கினார். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவருவது போல ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்று அவருடைய தோழி லூர்து டீச்சர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

அதே சமயத்தில்தான் மயிலாப்பூரில் அவர் குடியிருந்த பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். என் நிலைமையும் அப்போது சரியில்லை. கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில். பேச்சுத் துணைக்கு என்னிடம் இருந்தவை மூன்று பூனைகள். மூன்றும் கடற்கரையிலிருந்து என் பின்னாலேயே வந்தவை என்பதால் சுண்டல், முறுக்கு, பஜ்ஜி என்று பெயர் வைத்திருந்தேன். பஜ்ஜி மட்டும் செம்பட்டை நிறம். நான் அக்காவை வந்துவிடும்படி கெஞ்சினேன். வெளியே தைரியமாகப் பேசினாலும் அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா வந்தார். வாசற்படியில் நின்று பூனைகளை எண்ணினார். பிறகு நிபந்தனையைச் சொன்னார்.

"இங்க பாருடி. ஆதம்பாக்கத்துல லூர்து வீட்டு மாடி காலியா இருக்கு. எனக்காக வெச்சிருக்கா. நீ கூப்பிட்டியேன்னு வந்திருக்கேன். என் கேமராக்குள்ள ஒரே ஒரு பூனை முடி வந்துச்சுன்னு வை, அன்னிக்கே கிளம்பிடுவேன்."

"ஒரு முடிக்காகவாக்கா?"

"ஒரே ஒரு முடி."

அக்கா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. அவரிடம் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆகவே அன்றிலிருந்து நான் கையில் துடைப்பத்தோடு வாழ ஆரம்பித்தேன். மூன்று பூனைகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை முடி உதிர்க்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காவின் ஏற்பாடுகளும் பலமாக இருந்தன. அவர் அறைக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்திருப்பார். கேமராவும் லென்ஸ்களும் ரப்பர் வைத்த மூடி போட்ட ஒரு பெரிய டப்பாவுக்குள் இருந்தன. டப்பாவில் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டிருந்தார். பக்கத்தில் தூசி ஊத ஒரு ரப்பர் குமிழ், துடைக்க மென்துணி. டப்பாவைத் திறப்பதற்கு முன் புடவையை மாற்றுவார். மின்விசிறியை நிறுத்துவார். அந்த நேரத்தில் நான் தும்மினாலும் குற்றம்.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே காற்றே உப்பும் ஈரமும்தான். ஜன்னல் கம்பியே ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது. நானும் என்னால் ஆனதைச் செய்யலாம் என்று, தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போட்டால் ஈரத்தை இழுத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு துணியில் அரிசி முடிந்து அக்காவுக்குத் தெரியாமல் டப்பாவின் மூலையில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து அக்கா என்னையும் வீட்டு வேலைக்கு வரும் செல்வியையும் சேர்த்துக் கூப்பிட்டார். செல்விதான் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, டப்பா பூரா வண்டு ஊறிக்கினு கீது!"

"பூனை போதாதுன்னு வண்டு வேறயாடி?" என்றார் அக்கா. முடி என்று சொல்லாமல் வண்டு என்று சொன்னாரே என்று நான் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். நிபந்தனையில் வண்டு இல்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. அந்த வருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரை விடவில்லை. நனையாத இடம் தேடிப் பூனைகள் மூன்றும் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. முடி எங்கும் பறந்தது. அக்கா ஒரு முடிவுக்கு வந்து, மழை விடும் வரை டப்பாவைத் திறப்பதில்லை என்று இறுக மூடி, மூடிக்கு மேல் டேப்பும் ஒட்டிவிட்டார். ஈரக் காற்று எதில் எப்படி நீர்த்துளியாகும் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர், பூனை முடிக்குப் பயந்து அந்தப் பாடத்தை மறந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் குடிலைப் படம் எடுப்பதற்காகத்தான் டேப்பைப் பிரித்தார். எடுத்த படமெல்லாம் பனிமூட்டத்தில் எடுத்தது போல மங்கலாக இருந்தது. லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக மெல்லிய இழைகள் படர்ந்திருந்தன. அவை எனக்கு முடியாகத்தான் தெரிந்தன. அக்கா டார்ச்சை அணைத்தார். எல்லாவற்றையும் பையில் போட்டு, தியாகராய நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கேமரா பழுது பார்க்கும் பாய் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். சனிக்கிழமை வரச் சொன்னாராம்.

அந்த நான்கு நாட்களும் நான் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. பூனைகளை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கூட யோசித்தேன். கே.கே. நகரில் ஒரு தோழியைக் கேட்டும் பார்த்தேன். அவளுக்கு ஒன்று போதும் என்றாள். எந்த ஒன்றை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை அக்கா தனியாகவே கடைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அது பூஞ்சைடி. ஈரத்துல வர்றது. வாரக்கணக்கா மூடி வெச்சதாலதான் வந்துச்சுன்னு பாய் என்னைப் புடிச்சுத் திட்டுறார். டீச்சரா இருந்துக்கினு இப்படிப் பண்ணலாமான்னு கேக்குறார்."

"அப்ப முடி?"

"முடியெல்லாம் ஒண்ணும் இல்ல. போய்க் காப்பி போடு."

நான் அடுப்படியில் நிற்கும்போது அவர் லூர்து டீச்சருக்குப் போன் செய்வது காதில் விழுந்தது. "மாடிய வேற யாருக்காவது விட்டுடு லூர்து. நான் வரல." அன்று காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டாமல் மிச்சத்தையும் குடித்தார்.

அதற்குப் பிறகு பாய் சொன்னபடி எல்லாம் மாறியது. டப்பா போய், கண்ணாடிக் கதவு வைத்த சின்ன அலமாரி வந்தது. உள்ளே ஒரு குட்டி பல்பு மழைக்காலம் முழுக்க எரியும். பாய் கொடுத்த சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே வாணலியில் சூடு காட்டி மறுபடி நீலமாக்குவார். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒரு முறையாவது கேமராவை வெளியே எடுத்து வெயிலைக் காட்ட வேண்டும். சும்மா வெளியே எடுப்பானேன் என்று அக்கா படம் எடுக்கப் போனார். கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்கள், மாதா கோயில் கொடியேற்றம், உங்கள் வீட்டுக் குழந்தைகளின் திருமுழுக்குகள், பெரும்பாக்கத்துக்குக் குடிமாற்றப்பட்ட செல்வியின் வீட்டுப் பால்காய்ச்சல் என்று எல்லாம் அப்படி எடுத்தவைதான். எடுத்த படத்தைப் பிரதி போட்டு, அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். பொத்திப் பொத்தி வைத்த காலத்தை விடத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில்தான் கேமராவும் நன்றாக இருந்தது, அக்காவும் நன்றாக இருந்தார்.

பூனைகளும்தான். "என் பூனைகள் மேல் குற்றமில்லை என்று தியாகராய நகரிலேயே தீர்ப்பாகிவிட்டது" என்று உங்களில் பலரிடம் நான் பெருமையடித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தால் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கடைசி ஆறு மாதம் இதயம் பலவீனமாகிவிட்டது. வலி அதிகம் இல்லாமல் இறைவன் காத்தார். படுக்கையிலிருந்தே, "நீலமா இருக்கா, ரோஸா இருக்கா?" என்று கேட்பார். நீலம் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் காலையில், செபமாலை சொல்லி முடித்தபோது, நான் பக்கத்தில் இருக்கும்போதே அமைதியாகப் போனார். அவர் வாழ்க்கையில் குறை என்று சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வாராவாரம் நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், முறை வைத்துச் சாப்பாடு அனுப்பிய அன்பியத்தாருக்கும், வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், இரண்டு பஸ் மாறி வந்து அக்காவைக் குளிப்பாட்டிய செல்விக்கும், வாடகைக்கு விடாமல் மாடியைப் பல மாதம் வைத்திருந்த லூர்து டீச்சருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். இந்த நினைவு நாளுக்கு முன்னால் கேமராவைத் துடைத்து வாங்கலாம் என்று போன வாரம் பாய் கடைக்குப் போனேன். அக்கா காலமான செய்தியைச் சொன்னதும் கண் கலங்கினார். அவரை ஆறுதல்படுத்த, "உங்களாலதான் பாய் அக்கா என்கிட்டயே இருந்தாங்க. அன்னிக்கு முடி இல்லன்னு நீங்க சொல்லலன்னா ஆதம்பாக்கம் போயிருப்பாங்க" என்றேன்.

பாய் கையிலிருந்த கேமராவை மேசைமேல் வைத்தார்.

"முடி இல்லன்னு நான் எங்கம்மா சொன்னேன்? லென்ஸ்ல பூஞ்சை, வாஸ்தவம்தான். ஆனா கேமரா பாடிக்குள்ள, கண்ணாடிக்கு அடியில, செவப்பா ஒரு முடி இருந்துச்சே. இடுக்கியால எடுத்து டீச்சரம்மா கையிலயே குடுத்தேன். சிரிக்கிறாங்க. 'பஜ்ஜிய மடியில வெச்சுக்கினு லென்ஸ மாத்துனேன் பாய், தங்கச்சி வெளிய போற நேரத்துல அது என்கிட்டதான் கெடக்கும்'னாங்க. அப்பால, 'இத என் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நான் வீட்ட காலி பண்ணவேண்டி வரும்'னாங்க. அவங்களே இல்லன்னு ஆன பொறவு சொன்னா தப்பில்லன்னு சொல்றேன்."

ஒன்பது வருடத்துக்கு மேல் அந்த வாக்கைக் காப்பாற்றிய பாய்க்கு என் நன்றி. நான் பெருமையடித்துக்கொண்டதைக் கேட்ட உறவினர்களும் நண்பர்களும் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். முடி இருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்குத்தான் திரும்பி வந்தார்.