ஒரே மூட்டைச் சுண்ணாம்புக்கு இரண்டு கேஎஸ்பி

1. கேள்வி

"இன்னாம்மா ஜெனி, ரீடிங் எடுத்தியா, இல்ல உக்காந்த எடத்துலயே எழுதிட்டியா?"

எங்கள் மேனேஜர் சம்பத் சார் லேப் வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். சென்னைக்கு வெளியே வல்லம் வடகாலில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நான் அப்போது கான்ட்ராக்ட் அனலிஸ்ட். என்னை பெர்மனன்ட் ஆக்கும் ஆர்டர் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவர் கேட்ட தோரணையிலேயே ஆர்டரோடு வேலையும் போகப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனிக்கு, கழிவுநீர் சுத்தம் செய்ய நாங்கள் சுண்ணாம்பு சப்ளை செய்துவந்தோம். அதில் கலப்படம் என்று அவர்கள் புகார் சொன்னார்கள். ஆதாரமாக அவர்கள் அனுப்பியது கேஎஸ்பி, அதாவது கரைதிறன் பெருக்கம். சுண்ணாம்பை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் ஓரளவுதான் கரைத்துக்கொள்ளும், மீதி அடியில் தங்கிவிடும். கரைந்த அந்த அளவிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிற எண் அது. எண் குறைவாக வந்ததால் சரக்கில் கலப்படம் என்பது அவர்கள் வாதம். அதே மூட்டையிலிருந்து எடுத்த சாம்பிளில் நான் போட்ட எண், அவர்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

கொதிக்கவைத்து ஆறிய டிஸ்டில்டு வாட்டரில் சுண்ணாம்பைப் போட்டுக் குலுக்கி, தெளியவிட்டு, ஃபில்டர் செய்து, பிப்பெட்டில் எடுத்து ஆசிட் விட்டு டைட்ரேட் செய்ய வேண்டும். இண்டிகேட்டர் கொடுத்த ரோஸ் நிறம் மறையும் இடத்தில், எவ்வளவு ஆசிட் இறங்கியது என்று பியூரெட்டில் பார்க்க வேண்டும். பியூரெட்டில் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிதான். ஆனால் கேஎஸ்பி கணக்கில் கரைந்த அளவை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குவதால், சின்ன வித்தியாசம் பெரிய பொய் மாதிரித் தெரியும்.

நான் ஆசிட்டை மாற்றினேன். பியூரெட்டை மாற்றினேன். காற்றுப் பட்டுக் கெட்டிருக்குமோ என்று புது பாட்டில் போட்டேன். ஒவ்வொரு முறையும் என் பழைய எண்ணே வந்து நின்றது. ஒரு கட்டத்தில் ரோஸ் நிறம் எப்போது மறைகிறது என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் கண்ணையே நான் நம்பாத நாட்கள் அவை.

2. முருகேசன்

இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து டெஸ்ட் செய்வது என்று முடிவானது. அவர்கள் கெமிஸ்ட் முருகேசன், தன் லேபில் ஃபில்டர் செய்த சுண்ணாம்புத் தண்ணீரோடு எங்கள் லேபுக்கு வந்தார். முகத்தை உர்ரென்று வைத்திருந்தார். நானும் சிரிக்கவில்லை.

ஒரே மேஜை, ஒரே ஆசிட். அவர் பாட்டிலை நான் டைட்ரேட் செய்தேன், என் பாட்டிலை அவர் செய்தார். அவர் பாட்டில் அவர் எண்ணைக் கொடுத்தது. என் பாட்டில் என் எண்ணைக் கொடுத்தது. இருவரும் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது தலைச்சுற்றல்தான்.

"இன்னாய்யா இது? ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு விளையாடறீங்களா?" என்றார் சம்பத் சார்.

முருகேசன் என் பாட்டில்களில் ஒன்றைத் தன் லேபில் வைத்துப் பார்ப்பதாக வாங்கிக்கொண்டு போனார். மதியம் போன் வந்தது.

"மேடம், கண்ணாடி மாதிரி குடுத்தீங்க. இங்க எடுத்துப் பாத்தா அடியில வெள்ளையா தூளு நிக்குது. ஃபில்டர் பண்ணீங்களா இல்லியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பர்மிஷன் வாங்கிக்கொண்டு நானே ஒரகடம் போனேன். முருகேசனின் லேப், பாய்லருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. உள்ளே நுழைந்ததும் வியர்த்துக் கொட்டியது. பாட்டிலில் அவர் சொன்னபடியே வெள்ளைத் தூள்.

"உங்க லேபு மாதிரியா மேடம்? இங்க ஃபேனே அனல் காத்துதான் அடிக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஒருத்தர்தான் திட்டு வாங்கறீங்கன்னு நெனைச்சீங்களா? எங்க சார் டெய்லி கேக்கறாரு, சப்ளையர்கிட்ட காசு வாங்கினு நம்பர மாத்தறியான்னு. அடுத்த மாசம் நான் இருப்பனான்னே தெரியல" என்றார்.

என்னைக் காலி செய்ய வந்தவர் என்று நான் நினைத்திருந்த மனிதர் அவர். அவரும் என்னை அப்படித்தான் நினைத்திருப்பார்.

3. பாட்டில்

பாட்டிலைத் திரும்ப எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தேன். அங்கே மெஷின்களுக்காக ஏசி எப்போதும் ஓடும், நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்வோம். காற்றுப் பட்டாலும் சுண்ணாம்புத் தண்ணீரில் வெள்ளை படியும், ஆனால் அந்த வெள்ளை எவ்வளவு குலுக்கினாலும் கரையாது. விட்டுவிட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் மறுபடி தெளிந்துவிட்டது. அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினேன். மெல்ல மெல்ல வெள்ளை திரும்பி வந்தது.

சூட்டில் சர்க்கரை கரையும், உப்பு கரையும். சுண்ணாம்போ சூடு ஏறினால் குறைவாகக் கரைகிறது. காலேஜில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் குளிர்ந்த அறையும் அவருடைய அனல் அறையும் இரண்டு வேறு எண்களைக் கொடுக்கும் என்று அத்தனை நாளும் தோன்றவில்லை. இன்றைக்கும் அந்த வெள்ளை படிவதைப் பார்த்தால் மனசு ஒரு கணம் ஏற்க மறுக்கிறது.

சம்பத் சாரைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே இன்னொரு முறை செய்து காட்டினேன்.

"அப்போ ரெண்டுல எதும்மா கரெக்ட்டு?"

"ரெண்டும்தான் சார். அவங்க ரூம் சூடு, நம்ம ரூம் குளிரு."

"அப்போ தப்பு யாரு மேல?"

"யார் மேலயும் இல்ல சார்."

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதில் பாவம், மனிதர் தவித்துப்போனார். மறுநாள் ஆர்டரைக் கையில் கொடுத்து, "மனசுல வெச்சிக்காதம்மா" என்றார். எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"ஒரகடம் போக வண்டி வேணும் சார். அங்க ஒருத்தர் இன்னும் திட்டு வாங்கினு இருக்காரு."

முருகேசனின் லேபில், அவருடைய மேனேஜர் முன்னால் பாட்டிலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். அந்த அறையின் சூட்டுக்கு வெந்நீர்கூடத் தேவைப்படவில்லை. வெள்ளை படிவதை அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"ஏம்ப்பா முருகேசா, இதை நீ ஏன் சொல்லவே இல்ல?"

"நம்பர சொன்னேனே சார். நீங்கதான் நம்பல."

இப்போது லேப் பொறுப்பு என்னுடையது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: இரண்டு பேர் ரீடிங் ஒத்துப்போகவில்லை என்றால், ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த ஆள் வேலை செய்யும் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.