பழைய பேட்டரியும் சேர்ந்து ஓடட்டும்

ஐப்பசி மழை அந்த வருடம் தாமதித்தது. அண்ணனுக்குள் மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது. மார்புக்குள் எப்போதும் ஈரச் சத்தம். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், அடுத்த மழைக்காலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அண்ணன் கேட்டது ஒன்றுதான். "தை பொறந்து காத்து அடங்குனதும் ஒரே ஒரு தடவ மொகத்துவாரம் தாண்டிப் போயிட்டு வந்துடணும்டா. அதுவரைக்கும் படகு முழுகாம இருக்கணும்."

படகு சின்னது. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாய்மரம், மேலே ஒரு விளக்கு. புதுச்சேரியைக் காலி செய்து போன ஒருவரிடம், அண்ணன் ஓய்வு பெற்ற வருடம் வாங்கினார். கடலூர் முதுநகரில், உப்பனாற்றில் கட்டிக் கிடந்தது. நெய்வேலியில் எங்கள் பிளாக்கே சிரித்தது. "மைன்ஸ்ல முப்பது வருஷம் தண்ணி எறைச்சது பத்தாதுன்னு இப்ப தண்ணி மேலயே போய் உக்காந்துக்கினாரு பாரு."

படகின் அடிவயிற்றில் கைப்பிடி அளவில் ஒரு பம்ப். மழைநீர் சேர்ந்தால் அதனோடு இருக்கும் மிதவை எழும்பும், பம்ப் தானாக ஓடும், தண்ணீர் வெளியே போகும். அதற்குச் சோறு போடும் பேட்டரிதான் சோர்ந்துவிட்டது. வாராவாரம் பேருந்தில் தூக்கிவந்து என் குவார்ட்டர்ஸின் பின்கட்டில் சார்ஜ் போட்டேன். அண்ணனும் அண்ணியும் அப்போது என்னோடு இருந்தார்கள். மூடிகளைக் கழற்றினால் உள்ளே கொதிக்கும். அழுகின முட்டை நாற்றம் சமையலறைவரை போகும். கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி அடர்த்தி பார்ப்பேன். ஆறு அறைகளில் ஐந்து தேறும். ஆறாவது எத்தனை நாள் போட்டாலும் சிவப்புக் கோட்டிலேயே கிடக்கும்.

"ஆளுக்கு ஒரு மூச்சு மிஷினு, படகுக்கு ஒரு கரண்டு மிஷினு. நான் எதுக்குன்னு காவல் இருக்கறது?" என்றாள் அண்ணி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

மந்தாரக்குப்பம் கடைவீதியில் புதியது வாங்கப் போனேன்.

"எதுக்குங்க? லாரிக்கா, டிராக்டருக்கா, வூட்டு இன்வெர்ட்டருக்கா?"

"படகுக்கு."

கடைக்காரர் நிமிர்ந்தார். "நெய்வேலியில ஏதுங்க கடலு? மைன்ஸ் பள்ளத்துல தண்ணி ரொப்பி ஓட்டப் போறீங்களா?" சிரித்து முடித்ததும் அக்கறையாகச் சொன்னார். "லாரி பேட்டரி வேணாங்க. மெல்லிசு தகடு, ஒரு ஒதை வுட்டுட்டுத் தூங்கிடும். உங்களுக்குக் கொஞ்சங் கொஞ்சமா நாள் பூரா குடுத்துக்கினு இருக்கணும். தடிப்புத் தகடா எடுத்துக்குங்க. படகு சாயும்னா முழுசா மூடுனதே இருக்குது, ஆசிட் கொட்டாது."

போனில் அண்ணனைக் கேட்டேன். இருமி முடித்துச் சொன்னார். "மூடுனது வேணாம். உள்ள எவ்ளோ தண்ணின்னு கண்ணால பாக்கணும். பாக்காத தண்ணிய நான் நம்ப மாட்டேன்."

தடித்த தகடு, மூடி கழற்றுகிற வகை. ஸ்கூட்டரில் கயிறு போட்டுக் கட்டும்போது கடைக்காரர் வெளியே வந்தார். "பழசு வூட்டுலதான இருக்குது? அத இதோட சேத்துக் கட்டிடாதீங்க. செத்துக்கினு இருக்கறது, உசுரோட இருக்கறத உறிஞ்சிடும்."

தலையாட்டினேன். ஞாபகம் இருக்கிறது, நன்றாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால், மூன்று நாளாகக் கட்டிலை விட்டு இறங்காதவர் பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்பேனர். இரண்டு கம்பிகளை அளந்து வெட்டி, முனை சீவி வைத்திருந்தார். பழைய பேட்டரியின் தலையைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்.

"பக்கத்துல வையிடா. ரெண்டையும் சேத்துடலாம்."

சுரங்கத்தில் அண்ணன் நிலத்தடி நீர் பம்புகளைப் பார்த்துக்கொண்டவர். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. பம்ப் நின்றால் சுரங்கத்தின் தரையே மேலே எழும்பிவிடும். அதனால் எந்தப் பம்பும் தனியாக நிற்காது, பக்கத்தில் மாற்றுக்கென்று ஒரு ஸ்டாண்ட்பை. ஓய்ந்த பம்பைத் தூக்கிப் போடமாட்டார்கள், மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுருள் சுற்றிப் புதியதின் அருகில் நிறுத்துவார்கள். அவரையே கடைசி இரண்டு வருடம் களத்திலிருந்து எடுத்து நாற்காலியில் உட்காரவைத்தபோது, "இப்ப நான்தான்டா ஸ்டாண்ட்பை" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நின்றபிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஸ்டாண்ட்பை இல்லாத பம்ப நான் ஓட்டுனதே இல்ல. பழசும் கூட சேந்து ஓடட்டுமே. அதுல இன்னும் அஞ்சு ரூம்பு நல்லாத்தான இருக்குது?"

வாயைத் திறந்தேன். அவர் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கவில்லை. அன்றைக்கு முழுக்க நடுங்கவில்லை.

"சரிண்ணா" என்றேன்.

இரண்டையும் சேர்த்தே சார்ஜ் போட்டோம். பழையது தொட்டால் சுட்டது, புதியது சில்லென்று கிடந்தது. அதையும் பார்த்தேன். மறுநாள் நானே கொண்டுபோய்ப் படகில் பொருத்தி, மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தேன். பம்ப் ஓடியது. அது போதும் என்று திரும்பிவிட்டேன்.

கார்த்திகையில் வானம் உடைந்தது. மூன்றாம் நாள் காலை, படகைப் பார்த்துக்கொள்ளும் மீனவர் போன் செய்தார். "பாயி மரம் மட்டுந்தாங்க தெரியுது."

வேண்டாம் என்றாலும் அண்ணன் வாடகைக் காரில் ஏறினார். கரையிலிருந்து பார்த்தோம். கலங்கின ஆற்றில் மரம் மட்டும் சாய்ந்து நின்றது, யாரோ கை தூக்கிக் கேட்பது போல. மீனவர் முங்கி ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துவந்தார். இரண்டு பேட்டரி, பம்ப்.

"தை மாசத்துக்குள்ள தூக்கிடலாமா?" என்றார் அண்ணன்.

"சேத்துல ஒக்காந்துக்கிச்சுங்க. தண்ணி வடிஞ்சாத்தான். மாசி, பங்குனி ஆவும்."

அண்ணன் பம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பம்ப்தான் எரிஞ்சிருக்கும்" என்றார். காரின் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துத் தொட்டுப் பார்த்தோம். பம்ப் சிணுங்கிவிட்டு ஓடியது. அதன் வாயிலிருந்து ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் அண்ணனின் செருப்பில் கொட்டியது.

பம்ப் நல்ல பம்ப். அப்படியானால் கரண்ட் எங்கே போனது? முப்பது வருடம் அதே கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவர், என்னைப் பார்த்தார்.

"கடைக்காரன் ஏதாச்சும் சொன்னானாடா?"

"ஒண்ணும் சொல்லலண்ணா."

மெல்லத் தலையை ஆட்டினார். காரில் ஏறப்போனவர் கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார். பிறகு கரையில் கிடந்த பழைய பேட்டரியைக் காட்டினார்.

"அத வுட்டுட்டு வந்துடாத. சார்ஜ் போட்டா எந்திரிச்சுக்கும்."

தூக்கி ஏற்றினேன்.