கறள் ஆணி வைத்த வாளி

சமையலைக் குறை சொன்னாலும் பொறுப்பார்கள், கிணற்றைக் குறை சொன்னால் எங்கள் ஊரில் பொறுக்கமாட்டார்கள். அதைச் சொல்வதுதான் என் தொழில். கிணற்று நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை வடித்தெடுக்கிற மலிவான வடிவாளி வைத்துக் கொடுக்கிறேன். வேண்டாத செய்தியோடு வீட்டு வேலிப் படலை திறப்பவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பழுப்பான தாள்

பண்டத்தரிப்பில் புவனம் அக்கா வீடு. மகள் மைதிலி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்; ஏழு மாதம். அவர்கள் கிணற்று நீரில் என் சோதனைத் தாள் பழுப்பானது. பழுப்பென்றால் ஆர்சனிக், மணமோ ருசியோ இல்லாத நஞ்சு, கொதிக்க வைத்தாலும் போகாது, வயிற்றுப் பிள்ளைக்கும் கூடாது என்றேன். அக்கா உள்ளே போய், அதே கிணற்று நீரில் போட்ட தேத்தண்ணியோடு வந்தார்.

"குடிச்சுப்போட்டுச் சொல்லும் தம்பி, இதிலை நஞ்சு இருக்கோ?"

ஆணிப் பாடம்

மறுவாரம் வாளி கொண்டுபோனேன். மேலே இரும்பாணியும் செங்கல் துண்டும், கீழே மணலும் சல்லியும். ஆணி கறள் பிடிக்கும். ஆர்சனிக் அந்தத் துருவில் ஒட்டும். துருவை மணல் பிடித்துவிடும். சில நாளில் வடித்த நீரைச் சோதித்தேன். தாள் வெளிறியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவோ முகம் சுளித்தார்.

"கறளைத் தேய்ச்சுக் கழுவித்தானே நாங்கள் பாத்திரம் புழங்கிறது? நீர் கறளைப் பிடிக்க விடச் சொல்லுறீர்."

மினுங்கும் ஆணிகள்

ஒரு மாதம் கழித்துப் போனால் தாள் மறுபடி பழுப்பு. வாளியைக் கிளறினேன். உள்ளே கூரைத் தகரம் அடிக்கிற, கறளே பிடிக்காத ஆணிகள் பளபளவென்று கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், கறள் கண்ணில் படக்கூடாது என்று அக்கா மாற்றியிருக்கிறார். இரண்டு வாரமாக மைதிலி குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா வேலியோரம் ஓடி, வீசிய பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதெண்டு சொல்லும் தம்பி."

நானும் குனிந்து ஆணி பொறுக்கினேன்.

முப்பத்தொன்று

ஆண் குழந்தை, சுகமாகப் பிறந்தான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு எனக்கும் அழைப்பு. சம்பந்தியம்மா குசினிக்குள் அடுப்போரம் இருந்த வடிவாளியை எட்டிப் பார்த்து, "இதென்ன ஊத்தை?" என்று ஆணிகளை அள்ளக் கை நீட்டினார். நான் எழும்புவதற்குள் அக்கா குறுக்கே நின்றுவிட்டார்.

"கை வையாதேங்கோ சம்மந்தி. கறள் இல்லாத வாளித் தண்ணியை என்ரை பிள்ளையளுக்குக் குடுக்கமாட்டன்."

கிணற்று நஞ்சுக்கு ஒரு வாளி ஆணி போதும். விருந்தாளி வருகிற நாளில் அந்த வாளியைக் காப்பாற்றத்தான் ஒரு புவனம் அக்கா வேண்டியிருக்கிறது.