இடுப்பில் கட்டியிருந்த பாஸ்போர்ட்

ஐரோப்பாவைச் சுற்றிய ஒன்பது வாரங்களில் நான் அதிகம் தொட்டுப் பார்த்தது என் வயிற்றைத்தான். மற்றவர்கள் கோபுரங்களையும் பாலங்களையும் பற்றிப் பேசும்போது எனக்கு நினைவு வருவது, சட்டைக்குள்ளே வியர்வையில் ஊறி ஒட்டிக்கிடந்த ஒரு துணிப்பை. அதற்குள் என் கனேடியப் பாஸ்போர்ட் இருந்தது. அதை எப்படியாவது பறித்துவிடுவான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன், முதுகில் பையோடு என் பக்கத்திலேயே நடந்து வந்தான். எனக்கு இருந்த ஒரே நெருங்கிய நண்பன் அவன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் இருவருக்கும் இருபத்து மூன்று வயது. ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். நான் அக்கா வீட்டில் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, ஒரு லொட்ஜ் அறையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட அக்காவும் நானும் சேர்ந்து ஸ்பொன்சர் போட்டிருந்தோம். தபால்காரர் வரும் நேரத்தில் அக்கா வேறு எந்த வேலையும் செய்யமாட்டாள்.

நண்பனின் வீடு ஸ்காபரோவில், ஒரு உயர்ந்த கட்டடத்தின் பதினான்காம் மாடியில். முதல் முறை நான் அங்கே போனபோது கதவைத் திறந்த அவனுடைய அம்மா, என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“என்ர மூத்தவன் வந்து நிக்கிறான் எண்டு நினைச்சிட்டன்” என்றார்.

மூத்தவர் பாரிஸில் இருந்தார். கனடாவுக்கு என்று காசு வாங்கிய ஏஜென்ட் அவரைப் பாரிஸ் வரை கொண்டுபோய்விட்டுக் காணாமல் போய்விட்டான். அங்கே அவருடைய அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, மறுபடியும் நடந்துகொண்டிருந்தது. நாலு வருடமாகிவிட்டது. வரவேற்பறைச் சுவரில் இருந்த அவருடைய படத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதே ஒடுங்கிய நாடி, அதே சேர்ந்த புருவம். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு அங்கேதான். நான் அன்ரி என்று கூப்பிட்ட அவனுடைய அம்மா, பெரிய மீன் துண்டை என் சோற்றுக் கோப்பையில் போடுவார். அம்மாவைப் பார்த்து ஏழு வருடமாகியிருந்த எனக்கு அந்தச் சாயல் வசதியாக இருந்தது.

ஐரோப்பாவுக்குப் போவோம் என்று சொன்னவன் நண்பன்தான். வேலைக்குப் பிறகு டோனட் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

“மச்சான், ஒரு பையை முதுகில போட்டுக்கொண்டு ரெண்டு மாசம் சுத்துவம். ரயில், நடை, அவ்வளவுதான்.”

“என்னத்துக்கு?”

“சும்மாதான்.”

எங்கள் ஆட்கள் யாரும் சும்மா ஒரு எல்லையைத் தாண்டியதாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் குடியுரிமை கிடைத்துப் பாஸ்போர்ட் கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதை ஒரு இடத்திலாவது நீட்டிப் பார்க்க ஆசை. உடனே சரி என்றேன்.

மனதில் விஷத்தை ஊற்றியவர் அக்காவின் கணவர், அத்தான். அவர் அப்போதுதான் மார்க்கம் நகரில் புது வீடு வாங்கியிருந்தார். அதனால் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. பயணம் பற்றிச் சொன்னதும் என்னைக் கராஜுக்குள் தனியாகக் கூப்பிட்டார்.

“உவன் ஏன் உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போறான்? வேற ஆக்கள் இல்லையே? தமையன் பாரிசில. நீ தமையன்ர அச்சு. வடிவா யோசிச்சுப் பார்.”

நான் யோசிக்கவே விரும்பவில்லை. அவர் விடவில்லை.

“உன்ர பாஸ்போர்ட் புத்தகத்தில தமையன் இங்க வந்து இறங்குவான். நீ அங்க பொலிசில போய்த் துலைஞ்சுபோச்சு எண்டு அழுவாய். பிடிபட்டா உன்ர பேர் மட்டும் கெடாது. மாமா மாமியின்ர ஸ்பொன்சர் ஃபைலையும் இழுத்து மூடிப்போடுவாங்கள்.”

அப்படிப்பட்ட கதைகள் அந்த நாட்களில் எல்லோருக்கும் தெரியும். கலியாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அக்கா பழைய சட்டைத் துணியில் ஒரு பை தைத்து, நாடா வைத்துக் கொடுத்தாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வரவில்லை என்று அவனிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும், என்னிடம் இருந்த காரணம் வாயால் சொல்லக்கூடியதல்ல.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கினோம். பைகளில் மேப்பிள் இலைக் கொடி தைத்திருந்தோம். கனேடிய இளைஞர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அதைக் கண்டால் எல்லா இடத்திலும் மரியாதை என்று சொல்லியிருந்தார்கள். ரயிலில் பாஸ்போர்ட் பார்க்க வந்த அதிகாரிகள் மற்றப் பிள்ளைகளின் புத்தகங்களை மூடியபடியே திருப்பிக் கொடுத்தார்கள். எங்களுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், நகத்தால் படத்தின் ஓரத்தைச் சுரண்டினார்கள். நண்பனுக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. நானும் அதே வேலையைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

பெர்லினில் ஒரு பூங்காவில் பாணும் சீஸும் தின்றுகொண்டிருந்தபோது அவன் சொன்னான்:

“நானும் அம்மாவும் இந்த ஊருக்குள்ளாலதான் வந்தனாங்கள். ஒரு வானுக்குள்ள, தலையைக் குனிஞ்சபடி. ஒரு மரத்தைக்கூடப் பாக்கேல்லை. அதான் நடந்து பாக்கோணும் எண்டு ஆசை.”

இப்போது நினைத்தால் அந்தப் பயணத்தில் யாரும் சொன்ன உருப்படியான வார்த்தை அதுதான். அன்று எனக்கு அது எங்கேயோ ஒத்திகை பார்த்து வந்த பேச்சாகத் தோன்றியது. தலையை ஆட்டிவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டேன்.

சந்தேகம் வந்தவனுக்கு எல்லாம் சாட்சிதான். அவன் என்னை அளவுக்கு மேல் படம் எடுத்தான். முகத்தைத் திருப்பு, பக்கவாட்டில் நில் என்றான். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தபோது தாடி வைத்திருந்தாயா என்று ஒருநாள் கேட்டான். நினைவில்லை என்றேன். தமையனுக்குத் தாடி உண்டா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். எந்த ஊரைப் பார்த்தாலும் பாரிஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் மனம் கேட்டது.

பிராக் நகரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. விடுதியில் எட்டுப் பேர் படுக்கும் அறை. நான் எழும்ப முடியாமல் கிடந்தேன். அவன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“பாஸ்போர்ட்டைத் தா, நான் வைச்சிருக்கிறன். ஆர் ஆரோ வந்து போறாங்கள்.”

“தொடாதை!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எழுந்து உட்கார்ந்தாள். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனான். பிறகு எங்கிருந்தோ சூப் வாங்கிவந்து வைத்தான்.  நான் சூப்பை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன், அதையும் அவன் பார்த்தான்.

வெனிஸ், ரோம் எல்லாம் போனோம். ஒருவழியாகப் பாரிஸ் வந்தது.

ரயில் நிலையத்தில் தமையன் நின்றார். தாடி இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். “அம்மா பொய் சொல்லேல்லை” என்றார். அவருடைய ஒற்றை அறையில் வேறு மூன்று பேரும் இருந்தார்கள். எங்களுக்காக அவர்கள் அன்று வேலைக்குப் போகாமல் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சமைத்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அமர்ந்தபோது அவர் கேட்டார்:

“கனடாப் பாஸ்போர்ட் எப்பிடி இருக்கும்? ஒருக்காக் காட்டும் பாப்பம்.”

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“ஸ்ரேஷன் லொக்கரில வைச்சுப் பூட்டிட்டன் அண்ணை.”

லொக்கர் பக்கமே நான் போகவில்லை என்பது நண்பனுக்குத் தெரியும். அவன் சுவரைப் பார்த்தான். பிறகு தன் பையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துத் தமையனிடம் கொடுத்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, முத்திரைகளை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கவனமா வைச்சிருங்கோ. ஆரிட்டையும் குடுக்காதையுங்கோ.”

என் கவனத்தைத் தளர்த்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அங்கே இருந்த மூன்று நாளும் நான் குளிக்கவில்லை. குளிப்பதென்றால் பையை அவிழ்க்க வேண்டுமே. மூன்றாம் நாள் அண்ணை சிரித்தபடி ஒரு புதுச் சவர்க்காரத்தை என் முதுகுப்பையின் மேல் வைத்துவிட்டுப் போனார். பெரிய கோபுரத்தைப் பார்க்கப் போனபோது அவர் மேலே வரவில்லை. “எனக்கு உயரம் ஒத்துவராது” என்றார். வாசலில் பொலிஸ் நின்றது. நாங்கள் திரும்பி வரும்வரை எங்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு தூரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நாலு வருடம் அந்த ஊரில் இருந்தும் அவர் அதில் ஏறியதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. கேட்கவுமில்லை, பறிக்கவுமில்லை. ரொறொன்ரோவுக்கு வரும் விமானத்தில் நான் நிம்மதியாகத் தூங்கினேன். அவர்களுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். அத்தானிடமும் அப்படியே சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார்.

படங்கள் கழுவி வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்ரி வீட்டில் சாப்பாடு. மூத்தவர் இருந்த படங்களை மட்டும் அவர் பிரித்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்தார்.

“தம்பி, நீ செய்ததை ஆர் செய்வினம்? கேட்ட உடன பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில வைச்சனியாமே. மூத்தவன்தான் மாட்டன் எண்டிட்டானாம். இன்னொரு பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டு நான் வரமாட்டன் எண்டவனாம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நண்பனைப் பார்த்தேன். அவன் குனிந்து படங்களை அடுக்கிக்கொண்டிருந்தான், தலையை நிமிர்த்தவில்லை.

“நான்தான் இவனைக் கேக்கச் சொல்லி அனுப்பினனான்” என்றார் அன்ரி. “அது பிழை எண்டு தெரியும். பெத்த வயிறு கேக்கேல்லை. நீ கோவிக்காதை மோன். எனக்கு இனி நீயும் ஒரு பிள்ளைதான்.”

அத்தான் சொன்னது சரி. ஒன்பது வாரம் நான் விழித்திருந்ததும் வீண் இல்லை. வென்றவனுக்கு வரவேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை. அந்த அம்மா என் கையை விடவே இல்லை, நான் வெட்கத்தால் செத்துக்கொண்டிருந்தேன். “அதுக்கென்ன அன்ரி” என்று மட்டும் சொன்னேன். அவர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டுச் சோறு போட எழுந்து போனார்.

பஸ் தரிப்பு வரை நண்பன் கூட வந்தான்.  தரிப்பில் நின்றதும் கேட்டேன்.

“நீ என்னட்டைக் கேக்கவே இல்லையே?”

“இல்லை.”

“கேக்கிறதெண்டுதானே கூட்டிக்கொண்டு போனனீ?”

“ஓம். நடந்து பாக்கோணும் எண்டதும் உண்மை, இதுவும் உண்மை. பிராக்கில காய்ச்சலோட கிடந்து கத்தினாய் எல்லே, அப்பவே விட்டிட்டன்.”

“அண்ணை?”

“அவருக்கு ஒண்டும் தெரியாது. சும்மா பாக்கத்தான் கேட்டவர்.”

பஸ் வருகிறதா என்று வீதியை எட்டிப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்:

“கேக்கேல்லை எண்டு சொன்னா அம்மா என்னோட கதைக்கமாட்டா. நீ மாட்டன் எண்டனீ எண்டு சொன்னா உன்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா. நீ ஞாயிற்றுக்கிழமை வரவேணும் மச்சான். அதான் அப்பிடிச் சொன்னனான்.”

பஸ் வந்தது, ஏறினேன். இரண்டு தரிப்புப் போவதற்குள் என் புத்தி பழைய வேலையைத் தொடங்கிவிட்டது. இதுவும் ஒரு தந்திரமாக இருந்தால்? இப்படி நன்றி சொல்லி என்னைக் கட்டிப்போட்டால், அடுத்த முறை நான் மறுக்க முடியாதே? இறங்கும்போது அது முழுதாக உருவாகியிருந்தது. அதை நானே நம்பவில்லை என்பதுதான் கேவலம். அந்த வீட்டில் அன்ரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அங்கே போகாமல் இருக்க ஒரு சந்தேகம் தேவைப்பட்டது.

அடுத்த வருடம் அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். அன்ரியின் மூத்தவர் வரவில்லை. பல வருடம் கழித்து அவருக்குப் பாரிஸிலேயே விசா கிடைத்ததாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன்.

அந்தப் பஸ் பயணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. அக்கா எடுத்தாள். அன்ரி என்று வாயசைத்தாள். நான் இல்லை என்று கையைக் காட்டினேன். அக்கா தடுமாறி, படுத்திருக்கிறான் அன்ரி, சுகமில்லை என்றாள். அறையின் மறுபக்கத்தில் நின்ற எனக்கே அன்ரியின் குரல் கேட்டது.

“எழுப்பாதை பிள்ளை. நான் சாப்பாட்டைக் கட்டி இவனிட்டைக் குடுத்துவிடுறன்.”