மூன்றே மாதத்தில் வழுக்கை

விளம்பரம் என்பது ஊருக்குப் படம், அவருக்கு எடை. இருபதடி முகம் ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடி ஏறுகிறவருக்கு, அந்த முகம் யாருடையது, அது சிரித்துக்கொண்டே எதை விற்கிறது என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காற்று எந்தப் பக்கம், கயிறு தாங்குமா, ஓரத்து வளையம் பிய்ந்திருக்கிறதா, அவ்வளவுதான். நாலு ரோடு சேருகிற இடங்களில் கட்டடங்களின் உச்சியில் இரும்புச் சட்டங்கள் நிற்குமே, அவற்றில் விளம்பர ஃப்ளெக்ஸ் மாட்டுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக மாட்டுகிறார், கழற்றுகிறார், மறுபடி மாட்டுகிறார். ஒரு நடிகையின் காது மூன்றடி இருக்கும் என்பது தெரியும். அந்தக் காதில் தொங்கிய கம்மல் எந்தக் கடையுடையது என்று கேட்டால் விழிப்பார்.

தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் ரசமட்டம். கொத்தனார் கையில் இருக்கும் கருவிதான். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி அங்குமிங்கும் ஓடி, மட்டம் சரியானதும் நடுவில் போய் உட்காருமே, அது. அவருக்குள்ளும் அப்படி ஒரு குமிழி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. பல் டாக்டரிடம் போனால், வலியை மறந்து எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்குவார். சொந்தக்காரர் வீடுகளில் காலண்டர்கள் அவரிடமிருந்து தப்பியதில்லை. “நல்லவேளை, எனக்குக் கழுத்து நேரா இருந்துச்சு” என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கூட வேலை பார்ப்பவன் அந்த மனைவியின் தம்பி. மாமா மேலே ஏறியதும் மச்சினன் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, தூரத்திலிருந்து மட்டம் பார்த்துச் சைகை காட்ட வேண்டும். சேர்ந்த புதிதில் அவன் படங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். மேலே ஃப்ளெக்ஸ் கோணிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவர் அவனை நிற்கவைத்துச் சொன்னார்: “படத்தைப் பாக்காத. ஓரத்தை மட்டும் பாரு. படம் பாக்க ஊரே இருக்கு. ஓரம் பாக்க நாம ரெண்டு பேருதான்.” அதிலிருந்து மச்சினன் படம் பார்ப்பதை அறவே விட்டுவிட்டான். பின்னால் வந்த வினை அத்தனையும் அந்த ஒரு நல்ல பாடத்திலிருந்து வந்ததுதான்.

பெரிய சிக்னல் ஒன்றின்மேல் நிற்கும் சட்டத்துக்கு முன்பக்கம் கால் வைக்க இடம் கிடையாது. பின்னாலிருந்துதான் மாட்ட வேண்டும். ஃப்ளெக்ஸ் மூன்று துண்டாக வரும். ஒவ்வொன்றின் முதுகிலும் அச்சகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி அனுப்புவார்கள். ரோட்டில் நின்று பார்க்கிறவருக்கு இடமிருந்து வலம் அந்த வரிசை. பின்னால் நிற்கிற இவருக்கு எல்லாம் இடவலம் மாறிவிடும். ஆகவே ஒன்றைத் தன் வலது கைப்பக்கம் மாட்டுவார். யோசிக்கவே வேண்டாம், கையே செய்யும். அந்த வாரம் அச்சகத்தில் புதிதாக ஓர் ஆள் சேர்ந்திருந்தார். இளகிய மனசு. மாட்டுகிறவர் பாவம், ஏன் குழம்ப வேண்டும் என்று, பின்னாலிருந்து பார்க்கிற வரிசைப்படியே நம்பர் போட்டு அனுப்பிவிட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. திருப்பிப் போட்டிருந்ததை இவர் இன்னொரு முறை திருப்பிப் போட்டார்.

விளம்பரம் ஒரு முடி வளர்க்கும் ஆஸ்பத்திரிக்கு. இடப்பக்கம் வழுக்கைத் தலையோடு சோகமாக ஒருவர். நடுவில் வலப்பக்கம் பார்த்த பெரிய அம்புக்குறி. அம்புக்கு மேலே, ‘மூன்றே மாதத்தில் இந்த மாற்றம்’. வலப்பக்கம் அதே ஆள், அடர்த்தியான முடியோடு, பல்லெல்லாம் தெரிய. இது அச்சடித்தவர்கள் நினைத்தது. மாட்டி முடித்தபோது, முடியோடு சிரித்துக்கொண்டிருந்த மனிதர் அம்புக்குறியைத் தாண்டிப் போய் மூன்றே மாதத்தில் மொட்டையாகி, கண்கலங்க நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் நின்ற மச்சினன் நாலு ஓரத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். இருவரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சிக்னலில் சிவப்பு விளக்கு தொண்ணூறு விநாடி எரியும். போன் கையில் இருக்கிற ஒருவருக்குத் தொண்ணூறு விநாடி என்பது பெரிய அவகாசம்.

மறுநாள் மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, பரீட்சை லீவில் வீட்டில் இருந்த மகள் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இதைப் பாருங்களேன். காலையிலேருந்து எல்லாரும் இதையேதான் அனுப்புறாங்க. நானும் முப்பது பேருக்கு அனுப்பிட்டேன்.”

அவர் வாங்கிப் பார்த்தார். வழக்கம்போல முதலில் ஓரங்களைப் பார்த்தார். மேல்விளிம்பு கச்சிதம். பக்கவாட்டில் ஒரு சுருக்கம் இல்லை. மனசுக்குள் குமிழி நடுவில் போய் உட்கார்ந்தது. யாரோ நம் வேலையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களே என்று ஒரு கணம் முகம்கூட மலர்ந்தது. பிறகுதான் படத்தைப் பார்த்தார். கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

மகளுக்குப் புரிய நேரமாகவில்லை. “ஐயோ, நீங்க மாட்டினதா?” என்றாள் மெதுவாக. அனுப்பிய முப்பதையும் அழிக்க உட்கார்ந்தாள். அதற்குள் அந்த முப்பது எத்தனை முந்நூறு ஆகியிருந்ததோ.

அவர் கை கழுவிவிட்டுக் கயிற்றை எடுத்தார். போய் மாற்றிவிட வேண்டும், அரைமணி வேலை. அதற்குள் முதலாளியின் போன் வந்தது. காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்சு. இருபத்திரண்டு வருஷ மானத்தையும் ஒரே மூச்சில் வாங்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்றார். இவர் போய்ப் படியேறி, முதல் கயிற்றின் முடிச்சில் கை வைத்தபோது மறுபடி போன். அதே முதலாளி. குரலில் தேன் வடிந்தது.

“அப்பா சாமி, தொட்டுடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு போன் மேல போனாம். டாக்டர் குளுகுளுன்னு இருக்காரு. ஒரு மாசம் அது அப்படியே இருக்கணும்.”

“தப்பா இருக்குங்களே.”

“தப்புதாங்க ஓடுது.”

அவர் முடிச்சை மறுபடி இறுக்கிவிட்டு இறங்கினார். ஒரு தப்பை நன்றாக இறுக்கிக் கட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பிறகு அது ஒரு மோகமாகவே ஆனது. ஆளாளுக்குத் தங்கள் பழைய படத்தை இடப்பக்கமும் புதிய படத்தை வலப்பக்கமும் வைத்து, நடுவில் அம்புக்குறி போட்டு, அதே வாசகத்தோடு பதிவிட்டார்கள். ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இன்னும் குண்டானவர், புது ஷூவும் கிழிந்த ஷூவும், குழந்தை பிறப்பதற்கு முந்திய வீட்டுக்கூடமும் பிந்திய கூடமும். ஊர் சிரித்தது. வீட்டிலேயே மனைவி, பச்சென்று வாங்கிவந்து காய்ந்துபோன தன் பூந்தொட்டியை அப்படிப் போட்டு நூற்றிருபது பேரிடம் லைக் வாங்கினாள். அவருக்கு முதுகில் குத்திய மாதிரி இருந்தது. “தொட்டியத்தான போட்டேன், உங்களையா போட்டேன்?” என்றாள் அவள். நியாயம்தான்.

அவரைக் குடைந்தது சிரிப்பு இல்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தவை. மகள் தூங்குகிற மத்தியானங்களில் அவள் போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மாட்டினவன் ஃபுல் போதை என்று ஒருவர். அவன் கண்ணைச் சோதிக்கணும் என்று ஒருவர். இவனுக்கெல்லாம் யார் வேலை கொடுக்கிறார்கள் என்று பெயரே இல்லாத, ரோஜாப்பூ படம் வைத்த ஒருவர். இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் நேராக மாட்டியிருக்கிறார். ஒன்றைக்கூட யாரும் படம் எடுத்ததில்லை. நேராக இருப்பதை எவர் திரும்பிப் பார்க்கிறார்கள்? கோணலானதுதான் கண்ணில் விழுகிறது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவரே ஒரு பதில் எழுதினார்: ‘அவர் நல்ல வேலைக்காரர். நம்பர் மாறி வந்துவிட்டது.’ இரண்டு நிமிஷத்தில் ரோஜாப்பூவிடமிருந்து பதில் வந்தது: ‘நீங்க அவரோட அம்மாவா?’

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்தச் சிக்னல் வழியாகப் போவதையும் விட்டு, இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பத்து நாள் கழித்து முதலாளி கூப்பிட்டார். மேஜைமேல் புது ஆர்டர்கள். மெத்தைக் கடைக்காரர் தன் விளம்பரம் சரிந்து தொங்க வேண்டும் என்கிறார். கண்ணாடிக் கடைக்காரருக்குத் தலைகீழாக வேண்டும். மாட்டும்போது கீழேயிருந்து வீடியோ எடுப்பார்களாம். மாட்டி முடித்து, கீழே பார்த்து, தலையைச் சொறிந்து, அசடு வழிய வேண்டுமாம். “உங்க மூஞ்சிக்கு அது அம்சமா வரும்” என்றார் முதலாளி. நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னார்.

அவர் மேஜையைப் பார்த்தார். அதன்மேல் ஒரு தாள் கோணலாக இருந்தது. அதைக்கூட நேராக்கவில்லை. “தப்பு தானா வந்துச்சுங்க” என்றார். “வரவைக்க எனக்குத் தெரியாது. முதல்ல அந்த முடி ஆஸ்பத்திரியச் சரிபண்ண விடுங்க. மத்தத அப்புறம் பேசுவோம்.”

டாக்டர் சரியென்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று முதலாளி கையை விரித்தார். மெத்தைக் கடையை மச்சினனிடம் கொடுத்தார். மச்சினன் ஆசையாகப் போய்ச் சரித்து மாட்டினான், வீடியோவில் தலையும் சொறிந்தான். ஒரு ஜீவனும் சிரிக்கவில்லை. ஃப்ளெக்ஸ் அவிழ்ந்து தலையில் விழப்போகிறது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஒன்பது பேர் போன் செய்ததுதான் மிச்சம். பொழுது சாய்வதற்குள் நேராக்கிவிட்டார்கள். “மாமா, தப்புலயும் தொழில் சுத்தம் வேணும்போல” என்றான் மச்சினன்.

மறுநாள் காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வரவேற்பு மேஜையில் இருந்தவரைப் பார்த்ததும் கால் தயங்கியது. அந்த முகத்தை இருபதடியில் தொட்டிருக்கிறார். இந்த அளவில் பார்த்ததில்லை. விளம்பரத்து ஆள். தலை நிறைய முடி.

“நீங்கதானா மாட்டினது?” என்றார் வரவேற்பாளர், இவர் வந்த காரியத்தைச் சொன்னதும். கோபிப்பார் என்று இவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்தினார். “பஸ்ல ஏறுனா, முடி இருக்கிறப்பவே ஒரு தடவை பாத்துக்கறோம்னு செல்ஃபி எடுக்கறாங்க. என் மாமியார் போன் பண்ணி, இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு கேக்கறாங்க. டாக்டர்கிட்ட நானே சொல்லலாம்னா, சம்பளம் குடுக்கறவராச்சே. நீங்க சொல்லுங்க, நான் பின்னாடி நிக்கறேன்.”

இரண்டு கூச்ச சுபாவிகள் ஒருவர் பின்னால் ஒருவராக டாக்டரின் அறைக்குள் போனார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று இவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் தேவைப்படவில்லை. டாக்டர் நொந்துபோய் உட்கார்ந்திருந்தார். போன் வருகிறதாம், எடுத்தால் சிரிக்கிறார்களாம். நாற்பது பேர் நேரம் குறித்துக்கொண்டு இரண்டு பேர்தான் வந்தார்களாம். அதில் ஒருவர் வீடியோ எடுக்க வந்தவராம். “சிரிக்கறவன் தலைக்கு வைத்தியம் பாக்கவா வருவான்?” என்றார். “மாத்திடுங்க. இன்னைக்கே மாத்துங்க.”

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் அவர் சட்டத்தின் பின்னால் நின்றார். துண்டுகளைக் கழற்றி, முதுகு நம்பரைப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் விரித்து, இது வழுக்கை, இது அம்பு, இது முடி என்று வாய்விட்டுச் சொல்லி மாட்டினார். சிக்னலில் நின்ற ஒருவர் அண்ணாந்து, ஏங்க, நல்லாத்தானே இருந்துச்சு என்று கத்தினார். பச்சை விழுந்ததும் அவரும் போய்விட்டார். கடைசி முடிச்சைப் போட்டபோது யாரும் படம் எடுக்கவில்லை. அவருக்கு மூச்சு சீராக வந்தது.

மச்சினன் வேறொரு கடை விளம்பரத்தை மாட்டப் போயிருந்ததால், எதிர்ப்பக்கம் போய் நிற்க ஆள் இல்லை. அவரே இறங்கி ரோட்டைக் கடந்தார். அங்கே வரவேற்பாளர் டிபன் டப்பாவோடு முன்பே வந்து நின்றிருந்தார். இருவரும் அண்ணாந்தார்கள். ஓரங்களை முடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் ஒரு விளம்பரத்தை இடமிருந்து வலமாக முழுசாகப் படித்தார். வழுக்கை. அம்பு. மூன்றே மாதம். முடி.

“நிஜமா மூணு மாசத்துல வளந்துச்சா?”

வரவேற்பாளர் அக்கம்பக்கம் பார்த்தார். “பதினாறு மாசம். அப்புறம் ஓரத்துல கொஞ்சம் ஒட்டுமுடி வெச்சது.”

அவர் மறுபடி அண்ணாந்தார். தப்பாகத் தொங்கியபோது அது காட்டியதாவது எவருக்கும் நடக்கக்கூடியது என்று தோன்றியது. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நேரா இருக்குல்ல?” என்று கேட்டார் வரவேற்பாளர்.

“ஓரம் நேரா இருக்கு” என்றார் அவர். “உள்ள இருக்கறது உங்க ஆஸ்பத்திரி பாடு.”