எடை மேடைக்கு வந்த இரண்டு எஸ்.எஸ்.டி

எண்ணூர்ப் பக்கம் ஓர் எடை மேடையில் வேலை பார்க்கிறேன். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் மேடையில் ஏறும். எடையைக் கம்ப்யூட்டரில் பதிந்து சீட்டு கொடுப்பேன். எட்டாவது வரை படித்தேன். இதற்கு அது போதும்.

எங்களிடம் இரண்டு மேடை. உள்ளே வரும் வண்டிக்கு நான். வெளியே போகும் வண்டிக்கு எதிர்க் கேபினில் ஓர் அம்மா. காசிமேட்டு மீன்காரக் குடும்பம். நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு வண்டிக்கே பேசிவிடுவார்.

இரண்டு கம்ப்யூட்டரும் மந்தம். சீட்டு வருவதற்குள் டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். வண்டிகள் வேறு மேடை தேடிப் போக ஆரம்பித்தன. ஓனர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பதிந்துவைக்கும் எஸ்.எஸ்.டி, பிஸ்கட் அளவில், விலை கூடியது ஒன்றும் குறைந்தது ஒன்றுமாக அவர் கொண்டு வந்து காட்டினார்.

"உள்ள கண்ட்ரோலர்னு ஒரு சில்லு கீது. எதை எங்க வைக்கணும்னு அதான் சொல்லும்."

"மேஸ்திரின்னு சொல்லு" என்றார் அந்தம்மா. எனக்கும் அப்படித்தான் புரிந்தது. விலை கூடியதில் இருக்கும் மேஸ்திரி கணக்கு எழுதச் சொந்தமாக நோட்டு வைத்திருப்பான். விலை குறைந்ததில் இருப்பவன் கம்ப்யூட்டரிடம் நோட்டு கடன் வாங்கி எழுதுவான். ஓனர் இரண்டு கேபினுக்கும் குறைந்ததே போதும் என்றார்.

"எனக்குப் பெரிசு போடுங்க" என்றேன்.

நான் வாய் திறந்ததில் ஓனருக்கே ஆச்சரியம். "சரி, போட்டுக்கோ. ஒரு வாரம் பாப்பேன். அந்தம்மா மெசினு உன்னுத முந்திச்சுன்னா நீ யார்டுல நின்னு வண்டி திருப்பு. நாற்காலி வேற ஆளுக்கு."

எனக்கு முட்டி தேய்ந்திருக்கிறது. நாற்காலி முக்கியம்.

எங்கள் பக்கம் புதுப் பொருள் வந்தால் முதல் வேலை மூடுவது. நிலக்கரித் தூசு எதையும் விடாது. பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று கிடந்தது. யார் வீட்டுக் காதணி விழாவோ. அதை மூன்றாக மடித்துப் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றி, நைலான் கயிறு போட்டு இறுக்கினேன். பேனர் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எதிர்க் கேபினில் மூடவில்லை. மலிவு சரக்குக்கு மூடி எதற்கு என்று அந்தம்மா விட்டுவிட்டார்.

காலையில் என் மெஷின் பறந்தது. எடை நிற்பதற்குள் சீட்டு வந்தது. மதியம் படுத்துவிட்டது. மறுநாளும் அப்படியே. மேடையைச் சுற்றியிருந்த நாலு கேமராவின் படம் வேறு நாள் முழுக்க அதில் பதிந்துகொண்டிருந்தது.

"இன்னா மாமு, உன் மெசினு சோறு துன்னுட்டுத் தூங்குதா?" என்றார் ஒரு டிரைவர்.

உள்ளே தூசு போயிருக்கும் என்று நினைத்தேன். பேனர் மேல் ஒரு கோணியும் போட்டேன்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் ஓனர் வந்தார். இரண்டு மேடையிலும் வண்டி ஏற்றினார். கையைத் தூக்கி இறக்கினார். இருவரும் பட்டனை அழுத்தினோம்.

எதிர்க் கேபினிலிருந்து சீட்டை ஆட்டிக்கொண்டே அந்தம்மா வந்தார். என் பக்கம் கோணிக்குக் கீழே தெரிந்த பேனர் குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. ஓனர் என் நாற்காலியைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, பெரிய மேஸ்திரி லீவா?" என்றபடி அந்தம்மா பெட்டி மேல் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். "அய்ய! தோசை ஊத்தலாம் போல கீது. ஐசு இல்லாம மீனைக்கூட இப்டிக் கட்டி வைக்க மாட்டோம். அவுத்துடு மொதல்ல!"

அவிழ்த்தேன். ஓனர் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டார்.

"வேகமான கண்ட்ரோலர் சூடும் ஜாஸ்தி சார். சூடு ஏறினா தானா மெதுவாயிடும். காத்து படணும். சின்னது அவ்ளோ சூடாவாது."

எஸ்.எஸ்.டி வந்த அட்டையில் அச்சடித்திருந்த வேகம் பொய்யில்லை. கோணி போடுவார்கள் என்று செய்தவர்களுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி வண்டி ஏற்றினார்கள். இந்த முறை என் சீட்டு முந்தியது. அந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஓனர் யோசித்தார். "நாற்காலி உனக்கே. ஆனா காத்து படணும்ல?" என்று என் கேபினில் இருந்த ஒரே ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

இப்போது காத்திருக்கும் வண்டிகளின் ஹாரன் சத்தம் இல்லை. மணிக்கு ஒரு தடவை பெயின்ட் பிரஷால் தூசு தட்டுகிறேன். சட்டை நனைந்து நாற்காலியில் ஒட்டிக்கொள்கிறது. எதிர்க் கேபினில் ஃபேன் அந்தம்மா பக்கம்தான் சுற்றுகிறது.